பெயர் வேண்டாம், பதில் வேண்டும்

கே: விறைப்புத் தளர்ச்சி. வயது 48. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– பெயர் வேண்டாம், சுங்கை பட்டாணி

ப: இதைக் கேட்கிற எல்லோரும் ‘பெயர் வேண்டாம்’ என்கிறீர்கள். ‘எனக்கு மட்டும்’ என்ற நினைப்பே அதனால்தான் வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. 52 சதவீதம் பேருக்கு லேசாகவோ கடுமையாகவோ இந்தக் குறை இருந்தது. கோப்பிக் கடை மேசையில் நான்கு பேர் இருந்தால் இருவர் உங்கள் கட்சி! வேலை அசதியில் ஒருநாள் தவறினால் கவலை வேண்டாம். மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கே: வயசானால் வரத்தானே செய்யும்?
– செம்பனைத் தோட்டத்துக்காரர், பாடாங் செராய்

ப: வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். ஆனால் பழி முழுவதையும் பிறந்த தேதி மேல் போடாதீர்கள். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிகரெட், தொப்பை எல்லாம் கூட்டாளிகள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4 சதவீதம். இனிப்புநீர் ரத்தக்குழாய், நரம்பு இரண்டையும் கெடுப்பதால் இந்தக் குறை வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. தே தாரேக்கில் சீனியைக் குறைக்க இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

கே: இதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டாமே?
– ஷிப்ட் வேலைக்காரர், கூலிம்

ப: உண்டு. ரத்தம் பாய்ந்து தங்கினால்தான் விறைப்பு. அதற்கான ரத்தக்குழாயின் அகலம் 1, 2 மில்லிமீட்டர்தான். இதயக் குழாய்க்கு 3, 4. கொழுப்பு படிந்தால் ஒடுங்கியது முதலில் அடைபடும். பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டுகிறது. காசு வாங்காமல் வந்த எச்சரிக்கை, அலட்சியம் செய்யாதீர்கள்.

கே: ஒரு கிளாஸ் சம்சு போட்டால் தெம்பு வரும் என்கிறாரே நண்பர்?
– பீடோங் வாசகர்

ப: கூச்சம் போகும், காரியமும் போகும். அளவு மீறிய குடி நரம்பை மந்தமாக்கும். நாள்பட்டால் ஆண் ஹார்மோனையும் குறைக்கும். உங்கள் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில்தான் 1946-47-ல் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. நண்பரிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கே: இரவுச் சந்தையில் ‘ஆண்மை’ கோப்பி விற்கிறார்கள். இயற்கைதானே?
– அலோர் ஸ்டார்

ப: இயற்கை பாக்கெட்டின் மேலே, உள்ளே என்ன என்பதுதான் கேள்வி. இத்தகைய பொருள்களில் சில்டெனாஃபில், தடாலாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மருத்துவர் அளவு பார்த்துத் தரவேண்டிய விறைப்பு மருந்துகள் அவை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் இதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிரே போகலாம்.

கே: கணவர் விலகியே படுக்கிறார். என்மேல் வெறுப்பா?
– திருமதி, பாலிங்

ப: வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை அம்மா, தோற்றுவிடுவோமோ என்ற பயமாகவும் இருக்கலாம். விறைப்புக் குறைக்கு மனக்கவலை, சில கொதிப்பு மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. ஆனால் மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். முடிந்தால் கூடவே போங்கள்.

கே: கிளினிக் கவுண்டரில் இருப்பவர் எங்கள் தாமான்காரர். எப்படிச் சொல்வது?
– இவருக்கும் பெயர் வேண்டாம், லூனாஸ்

ப: கவுண்டரில் ‘இனிப்புநீர், கொதிப்பு பார்க்க வந்தேன்’ என்று சொன்னால் போதும். பொய்யில்லை, முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். மற்றதை அறைக்குள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. இந்த வாரமே போய்விடுங்கள் ஐயா.