வீணையும் எட்டும்

கேள்வி: வீணை கற்க வந்து எங்கள் தெருவில் தங்கியிருக்கும் பிரெஞ்சுப் பெண், ஸ்கூட்டர் பழகி சொந்தமாகவே ஒன்று வாங்கப்போகிறாராம். நடக்கிற காரியமா?
– வாசகி, திருவையாறு

பதில்: ஏன் நடக்காது? செல்லுபடியாகும் விசாவும் இங்குள்ள முகவரிக்குச் சான்றும் இருந்தால் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். காலை ஊன்றாமல் எட்டு போடவேண்டும். வீணை பழகுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் கும்பகோணம் பஸ் எதிரே வரும் பாருங்கள், அதற்குத்தான் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் பாடம் கிடையாது! ஹெல்மெட் கட்டாயம், தலையில் வைத்த மல்லிகை நசுங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வண்டிக்கு டி.என். 49 நம்பர் வந்ததும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் உங்கள் செலவு.