அரை லிட்டர் பாலும் சைக்கிள் டைமும்

ஓசூரில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் காலை 6 மணிக்கு அரை லிட்டர் ஆவின் பால் வாங்கப் புறப்பட்டு, 7.30 மணிக்கு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பால் கடை தெருமுனையில் இருக்கிறது. போக 4 நிமிடம், வர 4 நிமிடம், சில்லறை எண்ண 1 நிமிடம் என்று தாராளமாகப் போட்டாலும் கணக்கு 9 நிமிடத்தைத் தாண்டவில்லை. மீதி 81 நிமிடம் எங்கே போயிற்று என்பதே இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட வினா. வயசாகிவிட்டது என்பது மகன் தரும் விளக்கம். போகிற இடத்தில் பேச்சு என்பது மருமகள் தரும் விளக்கம். இரண்டும் பார்த்த மாத்திரத்தில் தோன்றுபவை; ஆராய்ச்சிக்கு உதவாதவை. நாம் நிறுவ முயல்வது வேறு. அந்த 81 நிமிடம் தொலைந்துபோனதல்ல, முறைப்படி உற்பத்தி செய்யப்பட்டது. அதை உற்பத்தி செய்யும் திறமை, சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது முப்பத்தைந்து ஆண்டு சம்பளமும் கொடுத்துக் கற்றுத்தரப்பட்டது.

ஓசூரை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதால் திண்ணை, குளக்கரை, கோயில் பிராகாரம் என்று முன்னோர் வகுத்துவிட்டுப்போன நேர அட்டவணை ஒன்று தயாராக உண்டு. ஓசூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றி, அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழில் வளாகம் எழுந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. டிவிஎஸ் 50 மொபெட் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், கைக்கடிகார ஆலைக்கு இந்த ஊரைத் தேர்ந்தது. அந்த ஆண்டுகளில் ஐடிஐ முடித்து இருபது, இருபத்திரண்டு வயதில் கேட்டுக்குள் நுழைந்தவர்கள் ஓய்வு வயதான 58ஐத் தொட்டது ஏறக்குறைய 2016க்கும் 2024க்கும் இடையில். ஆக, ஆலையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறுகிறவர்களை ஓசூர் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறது. அவர்களில் தெற்கத்திக்காரர்கள் உண்டு, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் உண்டு. சேலம் மாவட்டத்தில் பிறந்து, 1965இல் தருமபுரிக்காரராகி, 2004இல் கிருஷ்ணகிரிக்காரராகி, இத்தனைக்கும் வீட்டை ஓர் அடிகூட நகர்த்தாத உள்ளூர்க்காரர்களும் உண்டு. ஓய்வுக்காலத்தை எப்படிக் கழிப்பது என்று பார்த்துக் கற்க இவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆலை சொல்லிக்கொடுத்தது மட்டுமே கைவசம்.

ஆலை சொல்லிக்கொடுத்ததோ நேரத்தைச் செதுக்கும் வித்தை. டொயோட்டாவின் தைச்சி ஓனோ வீணடிப்பை ஏழு வகையாகப் பிரித்தார்: தேவையற்ற போக்குவரத்து, தேங்கும் சரக்கு, வீண் அசைவு, காத்திருப்பு, மிகை உற்பத்தி, மிகை வேலைப்பாடு, பழுது. ‘முடா’ என்ற ஜப்பானியப் பெயரோடு இந்த ஏழும் இங்கே ஷாப் ப்ளோர் வரைக்கும் வந்து சேர்ந்தன. 2002இல் டிவிஎஸ் மோட்டார் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கியபோது இந்தப் பாடம் ஊர்ப் பெருமையாகவும் ஆயிற்று. ஸ்பேனரை இடுப்புயரத்தில் தொங்கவிட்டால் எத்தனை வினாடி மிச்சம், ட்ரேயை வலப்பக்கம் மாற்றினால் எத்தனை வினாடி மிச்சம் என்று கைசன், அதாவது சிறுசிறு மேம்பாட்டு யோசனைத் தாளில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவர் ஒருநாள் சால்வையும் மாலையுமாக வெளியே வருகிறார். நேரம் எங்கெங்கே ஒழுகும் என்பது அவருக்கு மனப்பாடம். ஓட்டையை அடைக்கத் தெரிந்தவருக்குத் திறந்துவிடவும் தெரியும். இதைத்தான் நாம் தலைகீழ் கைசன் என்கிறோம்.

ஆதாரங்களுக்கு வருவோம். தெருமுனைக் கடையை அவர் தாண்டிப் போய்விடுகிறார். அங்கே பாக்கெட் நசுங்கியிருக்கும் என்பது காரணம். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் உள்ள பூத்துக்குப் போவது போக்குவரத்து. டீக்கடையில் தினத்தந்தியின் நடுப்பக்கம் வேறொருவர் கையிலிருந்து தன் கைக்கு வரும்வரை கடைசிப்பக்கத்தை இரண்டாம் முறை படிப்பது காத்திருப்பு. ராமநாயக்கன் ஏரிக்கரையை ஒரு சுற்று வருவது அசைவு. ஒரு லிட்டராக வாங்கிவிட்டால் மாலைப் பயணம் கெட்டுவிடும் என்பதால் அரை அரை லிட்டராகவே வாங்குகிறார். கேட்டால், சரக்கைத் தேக்கக்கூடாது, ஜஸ்ட் இன் டைம் என்கிறார். ஓனோவின் ஆயுதத்தை ஓனோவுக்கு எதிராகவே திருப்பியிருக்கும் நேர்த்தியைக் கவனிக்க வேண்டும்.

மிகை வேலைப்பாட்டுக்குக் கேழ்வரகைவிட நல்ல சான்று கிடையாது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் களி அன்றாடச் சாப்பாடு. மாவு எந்த மளிகைக் கடையிலும் பாக்கெட்டில் கிடைக்கிறது. அவர் அதைத் தொடுவதில்லை. உழவர் சந்தையில் நாலு பேரிடம் தானியத்தை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்து, ஐந்தாமவரிடம் வாங்குகிறார். முறத்தில் பரப்பிக் கல் பொறுக்குகிறார். மூன்று தண்ணீர் கழுவி, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்துக் காயப்போடுகிறார். அரைமணிக்கு ஒருமுறை மேலே ஏறி விரலால் கோடு கோடாகக் கிளறிவிட்டு, ஒரு மணியைப் பல்லில் கடித்து, சத்தம் சரியில்லை என்று இறங்கி வருகிறார். மறுநாள் மாவு மில். அங்கே தனக்கு முன்னால் மிளகாய் அரைத்திருக்கக்கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. அரைத்திருந்தால் வேறொருவர் கோதுமை அரைத்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்குச் சைக்கிள் டைம், அதாவது ஒரு சுற்று வேலைக்கு ஆகும் நேரம், இரண்டு நாள். வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு ப்ராசஸை யாராவது வகுத்திருந்தால் அவரே மெமோ கொடுத்திருப்பார்.

சிக்கனம்தான் காரணம் என்று பொருளாதாரம் படித்தவர்கள் ஆட்சேபிக்கலாம். அதற்கு எல்லைப்புறமே பதில் சொல்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே பல பொருள்களில் வரி வித்தியாசம் போய்விட்டது. பெட்ரோல் அந்த வலைக்குள் வரவில்லை. எந்தப் பக்கம் மலிவு என்பது மாறிக்கொண்டே இருந்தாலும், கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கம் மலிவாகும் நாளில் அவருடைய எக்ஸ்எல் மொபெட் எல்லையோர ஜூஜூவாடியைத் தாண்டிவிடும். லிட்டருக்கு 2 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். டேங்க் கொள்வது 4 லிட்டர். ஆக மிச்சம் 8 ரூபாய். போய்வர ஏறக்குறைய கால் லிட்டர் தீரும், அதன் விலை 20 ரூபாய்க்கு மேல். நட்டம் கண்கூடு. மைக்ரோமீட்டரில் நூற்றிலொரு மில்லிமீட்டர் பிசகைப் பிடித்தவருக்கு இந்தக் கழித்தல் வராது என்று எவரும் சொல்ல முடியாது. அவர் பெட்ரோல் வாங்கப் போகவில்லை. ஒரு முற்பகலை வாங்கப் போயிருக்கிறார், விலையும் அப்படியொன்றும் அதிகமில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்ற வாதமும் இதே கதிதான்: நடப்பதைவிட நடந்த களைப்புக்கு உட்காரும் நேரமே அதிகம்.

வலுவான ஆட்சேபம் இங்கிலாந்திலிருந்து வருகிறது. 1955இல் ‘எக்கனாமிஸ்ட்’ இதழில் நார்த்கோட் பார்க்கின்சன், இருக்கிற நேரத்தை நிரப்புமளவுக்கு வேலை வீங்கும் என்று ஒரு விதி எழுதினார். உடன்பிறந்தாரின் மகளுக்கு ஒரு தபால் அட்டை அனுப்ப நாள் முழுவதையும் செலவிடும் மூதாட்டியே அவர் காட்டிய உதாரணம். நம் பால் விவகாரமும் அதற்குள் அடங்கிவிடாதா? அடங்காது. அந்த மூதாட்டிக்கு வேலை தானாக வீங்குகிறது. மூக்குக்கண்ணாடி கிடைக்காமல் அலைகிறார், நாள் முடிவில் சோர்ந்துபோகிறார். ஓசூர்க்காரரின் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது, குடை ஆணியில் தொங்குகிறது. பொருளை அதனதன் இடத்தில் வைக்கச் சொல்லும் 5எஸ் படித்தவர் எதையும் தேடுவதில்லை. தேடாமலேயே 81 நிமிடம் தேற்றுகிறார் என்பதுதான் வித்தியாசம்.

அரசாங்கத்தின் ஒத்துழைப்பையும் பதிவுசெய்ய வேண்டும். ஓய்வூதியர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். 2014இல் ஜீவன் பிரமாண் வந்ததும் விரல்ரேகை வைத்தால் போதும் என்றார்கள். லேத்திலும் எமரி தாளிலும் தேய்ந்த விரலைக் கருவி எப்போதும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பிறகு செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்றும் வந்துவிட்டது. அவரோ பாஸ்புக்கோடு நேரிலேயே போகிறார். உயிரோடிருப்பதைச் சேரில் உட்கார்ந்து, டோக்கன் வாங்கி, நாலு பழைய ஆட்களைப் பார்த்து நிரூபிப்பதில் இருக்கும் திருப்தி செல்போனில் இல்லை. ஒரு வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி வரும் பிஎஃப் பென்ஷனுக்கு 2014இல் வைத்த குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய். சொந்த வீடும் பிள்ளையின் சம்பளமும் துணைக்கு இல்லாதவர் பென்ஷன் வாங்கிய மறுமாதமே ஏதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு மணி நேரச் செக்யூரிட்டி ட்யூட்டிக்குப் போய்விடுகிறார். காண்ட்ராக்டில் வேலை பார்த்தவருக்கு ஓய்வு பெற்ற தேதி என்று ஒன்றே கிடையாது. தலைகீழ் கைசனுக்கும் மூலதனம் தேவை.

எஞ்சியிருப்பது சமையலறை. வெளியே நேரத்தை இப்படி நீட்டுகிறவர், வீட்டுக்குள் வந்ததும் நேர்க் கைசனுக்குத் திரும்பிவிடுகிறார்: பருப்பு டப்பாக்களுக்கு லேபிள், கரண்டிகளுக்குச் சுவரில் நிழற்கோடு, இட்லி ஊற்றும் நேரத்தில் மாவுப் பாத்திரத்தை இடப்பக்கம் வைக்கலாமே என்று யோசனை. இது நம் கருதுகோளை உடைப்பதாகத் தோன்றும். உடைக்கவில்லை. சைக்கிள் டைமைக் குறைப்பது என்றாலே ஆலையில் அது இன்னொருவருடைய சைக்கிள் டைம்தான். இங்கே அந்த இன்னொருவர் மனைவி. அவருக்கு 58இலும் ஓய்வில்லை, 68இலும் இல்லை. கடிகார ஆலை லைனிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெண்ணும் வீட்டுக்கு வந்தபின் பால் வாங்க 81 நிமிடம் எடுத்துக்கொள்வதில்லை. அடுப்பில் குக்கர் இருக்கிறது. ஆனால் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டப்பட்ட வாரத்திலிருந்து மளிகைப் பட்டியல் முழுசாகக் கையில் தரப்படுவதில்லை என்பதைக் கவனிக்கலாம். பாலோடு கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “என்னங்க, கொத்தமல்லி சொல்ல மறந்துட்டேன்” என்று உள்ளிருந்து குரல் வருகிறது. கொத்தமல்லி வந்ததும் எலுமிச்சம்பழம். அவரும் வெளியே அலுத்துக்கொண்டு, உள்ளே ஆட்சேபணை இல்லாமல், பையை உதறி எடுத்துக்கொள்கிறார். மில்லில் கூட்டம் எப்படி என்று போகிறபோக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டும் வரலாம்.