தலையால் தாளம் போட்டவர்கள்

1983 கோடையில் அமெரிக்காவைச் சுற்றிவந்த ஒரு கச்சேரிக் கோஷ்டியில் இரண்டு ஹெவி மெட்டல் குழுக்கள் இருந்தன. கூட்டம் வந்து சேரும்வரை மேடையை ஒப்பேற்றிக்கொண்டிருந்த குழுவின் பெயர் மெட்டாலிக்கா. அதன்பிறகு வந்து பிரதானக் கச்சேரி செய்த குழுவின் பெயர் ரேவன். இதில் அச்சுப்பிழை ஏதும் இல்லை.

மெட்டாலிக்காவின் டீஷர்ட்டை இன்று அவர்களின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டிராதவர்கள் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறார்கள். ரேவனின் டீஷர்ட்டைப் போடுகிறவர்கள் ரேவனைக் கேட்டவர்கள் மட்டும்தான். ஆகவே அது அதிகம் கண்ணில் படுவதில்லை. இந்த அநியாயத்தை யாரும் சரிசெய்யப் போவதில்லை. ஆனால் ரேவனின் ஆரம்ப கால ஆல்பங்கள் தூசி தட்டப்பட்டு மறுவெளியீடுகளாக வந்துவிட்டதால், நடந்தது என்ன என்று காதால் விசாரிக்கவாவது முடிகிறது.

விசாரணை இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலில் தொடங்குகிறது. 1974இல் ஜான் கேலகர், மார்க் கேலகர் என்ற சகோதரர்கள் ரேவனைத் தொடங்கினார்கள். ஜான் பேஸ் கிதாரும் பாட்டும்; மார்க் கிதார். (ஊரறியச் சண்டை போட்டுக்கொண்ட மான்செஸ்டர் கேலகர் சகோதரர்கள் வேறு. இவர்கள் அரை நூற்றாண்டாக ஒரே குழுவில் ஒற்றுமையாக இருந்து பத்திரிகைகளின் பிழைப்பில் மண் போட்டவர்கள்.) வாசிக்கக் கிடைத்த இடங்கள் தொழிலாளர் மன்றங்கள். நாளெல்லாம் உழைத்துவிட்டு பீர் குடிக்கவும் பிங்கோ ஆடவும் வருகிற ஆட்களுக்கு இசை என்பது பிங்கோவுக்கு நடுவில் வரும் இடைஞ்சல். அவர்களைத் திரும்பிப் பார்க்கவைக்க இரண்டு வழிகள்தான் உண்டு: நன்றாக வாசிப்பது, அல்லது பேய் பிடித்தவர்கள் மாதிரி வாசிப்பது. சகோதரர்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்து பார்த்தார்கள். இடையில் ஸ்டிராங்லர்ஸ் போன்ற பங்க் யுகத்துக் குழுக்களோடும் மேடையேறினார்கள். பங்க் ரசிகர்கள் பாராட்டுவதற்கும் எச்சில் துப்புவார்கள், திட்டுவதற்கும் துப்புவார்கள் என்பதால் வரவேற்பு எப்படி இருந்தது என்று கணிப்பது சிரமம்.

பக்கத்திலேயே வால்செண்டு என்ற ஊர். ரோமானியர்கள் ஹாட்ரியன் சுவரைக் கட்டிக்கொண்டே வந்து, போதும் என்று நிறுத்திய இடம். பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் கப்பல் கட்டினார்கள். பாடகர் ஸ்டிங் பிறந்ததும் அங்கேதான். அந்த ஊரில் டேவிட் வுட் என்பவர் இம்பல்ஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தையும் நீட் ரெகார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தையும் நடத்திவந்தார். பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை என்று பின்னால் வரலாற்றாசிரியர்கள் பயபக்தியோடு எழுதப்போகிற விஷயத்தில் கணிசமான பகுதி இந்தக் கூடத்தில் சிக்கனமாகப் பதிவானது. கூடத்தில் எடுபிடி வேலை பார்த்த கான்ராட் லேன்ட் என்ற பையன், குரோனோஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வெனம் குழுவில் சாத்தானைப் பாட ஆரம்பித்தான். ஒலிப்பதிவுக்கூடத்தில் டீ வாங்கிக் கொடுப்பவரை இளப்பமாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ரேவனின் முதல் சிங்கிள் 1980இல் வந்தது. முதல் ஆல்பம் 'ராக் அன்டில் யூ டிராப்' 1981இல். இதற்குள் ராப் ஹன்டர் என்ற டிரம்மர் சேர்ந்துவிட்டார். பட்டப்பெயர் 'வாக்கோ'. டிரம்மர்களில் கிறுக்குப் பட்டம் வாங்குவது எளிதல்ல; போட்டி அதிகம். ஹன்டர் அதை உழைத்துச் சம்பாதித்தார். ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் போடும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மேடையேறுவார். கைகள் இரண்டும் வேலையாக இருக்கும்போது சிம்பலை அடிக்க வேண்டி வந்தால் தலையால் அடிப்பார். கை காலியாக இருக்கும்போதும் தலையால்தான் அடிப்பார். மற்ற இருவரும் முழங்கால் காப்பு, முழங்கை காப்பு சகிதம் ஓடுவார்கள், குதிப்பார்கள், மோதிக்கொள்வார்கள். ஓடியபடியே பாடுவதற்காக ஜான் தலையில் மாட்டும் மைக் வைத்திருந்தார். இந்தக் கலைக்கு அவர்களே 'அத்லெட்டிக் ராக்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயரில் ஒரு பாட்டும் எழுதினார்கள்.

கேட்பதற்கு எப்படி இருக்கும்? கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்ட கோயில் ஓதுவாரை ஜானின் குரலுக்கு உவமையாகச் சொல்லலாம்: பயிற்சி தெரியும், சுருதி தப்பாது, ஆனால் வலி உண்மையானது. பின்னணியில் மார்க்கின் கிதார் யாருக்காகவும் நிற்காமல் ஓடும். மூன்றே பேர்தான் வாசிக்கிறார்கள் என்று நம்ப நேரமாகும். ஹெவி மெட்டலை அவசரமாக வாசித்தால் ஸ்பீட் மெட்டல். அவசரத்தோடு கோபத்தையும் சேர்த்துக்கொண்டால் திராஷ் மெட்டல். ரேவனுக்குக் கோபமே கிடையாது. அவசரம் மட்டும் உண்டு. உலகத்தின் மேல் எந்தப் புகாரும் இல்லாமல் இத்தனை சத்தம் போட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன், தோன்றவில்லை.

இரண்டாவது ஆல்பம் 'வைப்ட் அவுட்' 1982இல் வந்தது. முதல் பாட்டின் தலைப்பு, ஒளியை விட வேகமாகப் போவதைப் பற்றியது. ஐன்ஸ்டைன் கூடாது என்று சொல்லியிருந்ததை வால்செண்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. மெட்டாலிக்காவின் முதல் ஆல்பத்துக்கு முந்தைய வருஷம் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 'கண்டுபிடிக்கப்பட்டதாக' நாம் படித்த பல விஷயங்கள் இதில் மலிவான ஒலிப்பதிவில், வியர்வை நாற்றத்தோடு ஏற்கெனவே கிடக்கின்றன. ஜெர்மனியின் திராஷ் குழுவான கிரியேட்டர், பின்னாளில் ரேவனின் முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து வாசித்தது. பக்தர்களுக்கு மூலவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துதான் இருந்தது.

பெயர் வைப்பதில் மட்டும் இவர்களுக்கு ஏதோ கோளாறு. 'வைப்ட் அவுட்' என்ற பாட்டு 'வைப்ட் அவுட்' ஆல்பத்தில் கிடையாது. அது 1980 சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்தது. 'லைவ் அட் தி இன்ஃபெர்னோ' என்பது அந்த ஆல்பத்தில் கூடத்தில் பதிவான ஒரு பாட்டு. 1984இல் அதே பெயரில் உண்மையான மேடைப் பதிவு ஒன்று தனி ஆல்பமாக வந்தது. 1983இல் 'ஆல் ஃபார் ஒன்' வந்தது. 1990களின் கடைசியில் அதையே திருப்பிப் போட்டு 'ஒன் ஃபார் ஆல்'. கடையில் பட்டியல் தயாரிக்கும் ஊழியர்களின் சாபம்தான் இவர்களை வாட்டியது என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியில் இப்போதைக்கு நான் ஒருவன்தான்.

'ஆல் ஃபார் ஒன்' ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் மிக்கேல் வாகனரும், ஆக்செப்ட் குழுவின் பாடகர் உடோ டிர்க்ஷ்னைடரும். இரண்டு ஜெர்மானியர்கள் மேற்பார்வை பார்த்ததில் சத்தத்துக்கு முதல்முறையாக ஓர் ஒழுங்கு வந்தது. மூவரின் வேகமும் அப்படியே இருக்க, எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதும் தெரிய ஆரம்பித்தது. அவர்களின் சிறந்த ஆல்பம் இதுதான் என்று பலர் சொல்வார்கள். என் ஓட்டு 'வைப்ட் அவுட்'டுக்கு. ஆனால் இதற்காக யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்.

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில் ஜான் ஸசூலாவும் மனைவி மார்ஷாவும் சந்தையில் கடை போட்டு இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய மெட்டல் தட்டுகளுக்கு அங்கே நல்ல கிராக்கி. மெட்டாலிக்காவின் மாதிரிப் பதிவைக் கேட்டு மயங்கிய ஸசூலா, பையன்களைக் கிழக்குக் கரைக்கு வரவழைத்தார். பெரிய நிறுவனங்கள் கையை விரிக்கவே, தாமே மெகாஃபோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடு மெட்டாலிக்காவின் 'கில் எம் ஆல்'. (அந்த ஆல்பத்துக்கு அவர்கள் முதலில் வைத்த பெயரை விநியோகஸ்தர்கள் மறுத்துவிட்டார்கள். நானும் மறுக்கிறேன், இது குடும்பத்தோடு படிக்கும் கட்டுரை.) 'ஆல் ஃபார் ஒன்'னையும் அமெரிக்காவில் மெகாஃபோர்ஸே வெளியிட்டது. இரண்டு பெயர்களையும் ஒட்டுப்போட்டு 'கில் எம் ஆல் ஃபார் ஒன்' என்று சுற்றுப்பயணம் கிளம்பியது.

இரண்டு குழுக்களும் உதவியாளர்களும் ஒரே மோட்டார் வண்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பயணம். ஜூலை இறுதியில் கிளம்பியவர்கள் செப்டம்பர் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் ஆர்கன்சாவில் பால்ட் நாப் என்ற சிற்றூரிலும் கச்சேரி நடந்தது. நியூகாசிலிலிருந்து வந்த மூன்று பேர் தலைக்கவசத்தோடு குதிப்பதைப் பார்த்து அந்த ஊர் என்ன நினைத்தது என்பதை யாராவது பேட்டி எடுத்திருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: 'கில் எம் ஆல்', 'ஆல் ஃபார் ஒன்' இரண்டிலும் 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' என்று ஆளுக்கொரு பாட்டு இருக்கிறது. வேறு வேறு பாட்டு, ஒரே தலைப்பு, ஒரே வருஷம், ஒரே வண்டி. ஒரு 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' இன்றும் விளையாட்டரங்குகளில் முழங்குகிறது. மற்றொன்றைத்தான் மறுவெளியீட்டில் தேட வேண்டியிருக்கிறது.

பிறகு பணக்கார மாமா வந்தார். அட்லாண்டிக் ரெகார்ட்ஸ், ரேவனை ஒப்பந்தம் செய்தது. பெரிய நிறுவனம் ஒரு குழுவைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், எதையெல்லாம் மாற்றலாம் என்று பட்டியல் தயார் என்று அர்த்தம். 1985இல் 'ஸ்டே ஹார்ட்' வந்தது. கொஞ்சம் ஷாம்பு போட்ட மாதிரி இருந்தாலும் கேட்கலாம். எம்டிவியில் ஒரு பாட்டு ஓடியது. அமெரிக்கப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. 1986. மெட்டல் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட்ட வருஷம். மெட்டாலிக்கா, 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்து, கடைசிக் கலவை வேலையை யாரிடம் கொடுத்தது? ரேவனின் 'ஆல் ஃபார் ஒன்'னைத் தயாரித்த அதே மிக்கேல் வாகனரிடம். அதே வருஷம் ரேவன் என்ன செய்தது? ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு ஒலிப்பதிவு செய்த எட்டி கிரேமரைப் பிடித்து, 'தி பேக் இஸ் பேக்' என்ற ஆல்பத்தில் டிரம்பெட் சாக்ஸபோன் வகையறாக்களைச் சேர்த்தது. 1960களின் ஹிட்டான 'கிம்மி சம் லவ்விங்' பாட்டைத் திரும்பப் பாடியது. ஸ்பீட் மெட்டல் குழுவுக்கு ஊதுகுழல் கோஷ்டி! மெட்டாலிக்கா இடி முழக்கத்தோடு கடந்துபோன சாலையின் ஓரத்தில், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்கள் நம் ஆட்கள். பழைய ரசிகர்கள் ஓடிப்போனார்கள், புதியவர்கள் வரவில்லை. அதே வருஷம் 'மேட்' என்ற சிறு தட்டில் பழைய வெறியை மீட்டுப் பார்த்தார்கள். கடை அதற்குள் சாத்தப்பட்டிருந்தது.

1987க்குப் பிறகு ஹன்டர் குழுவில் இல்லை. இந்த வரலாற்றிலேயே அழகான பகுதி அவருடையது. சிம்பலைத் தலையால் அடித்த மனிதர் ஒலிப்பதிவாளராகி, பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் போன்ற ஜாஸ் மேதைகளின் ஆல்பங்களைப் பதிவு செய்தார். சிம்பலின் மேல் பிரஷ் உரசும் மெல்லிய ஒலியைத் துல்லியமாகப் பிடிக்க, அதை மிக அருகிலிருந்து அறிந்தவரைக் காட்டிலும் யார் பொருத்தம்?

கேலகர்கள் நிறுத்தவில்லை. ஜோ ஹாசல்வான்டர் என்ற டிரம்மரைச் சேர்த்துக்கொண்டு சின்னச் சின்ன நிறுவனங்களில் ஆல்பம் போட்டார்கள். 2001இல் மார்க்கின் மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்து கால்கள் நசுங்கின. குழு சில வருஷங்கள் முடங்கியது. கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்: ரோமானியச் சுவர் முடிகிற ஊரில் இசைத்தட்டு போட்டவர் மேல் சுவரா என்று. மார்க் தேறி, எழுந்து, திரும்ப மேடையேறினார். 2014 மார்ச்சில் பிரேசிலின் சாவ் பாலோவில், மெட்டாலிக்காவின் பிரம்மாண்டக் கச்சேரிக்கு முன்கச்சேரி வாசித்த குழு ரேவன். 31 வருஷத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். பழைய வண்டி நட்பை மெட்டாலிக்கா மறக்கவில்லை என்பது அவர்களுக்குப் பெருமை. 2020இல் 'மெட்டல் சிட்டி', 2023இல் 'ஆல் ஹெல்ஸ் பிரேக்கிங் லூஸ்' என்று இன்னமும் வேகம் குறையாத ஆல்பங்கள். இவற்றில் டிரம்ஸ் வாசித்தவர் மைக் ஹெல்லர் என்ற இளையவர். சகோதரர்கள் அறுபதைத் தாண்டியும் குதிக்கிறார்கள்.

மறுவெளியீட்டு வியாபாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். நீட் நிறுவனத்தின் சரக்கு கைமாறிப் பிற்பாடு சாங்க்சுவரி என்ற நிறுவனத்தின் வசம் போய், போனஸ் பாட்டுகளோடு சிடிக்களாக வந்தது. போனஸ் பாட்டு என்றால் அந்தக் காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதை இந்தக் காலத்தில் காசுக்கு விற்பது. ரேவன் விஷயத்தில் மட்டும் இது லாபம், ஏனென்றால் சிங்கிள்களின் பின்பக்கத்தில் அவர்கள் ஒளித்து வைத்தவற்றில் நல்ல சரக்கு இருக்கிறது. காணாமல் போயிருந்த 'வைப்ட் அவுட்' பாட்டுகூட முதல் ஆல்பத்தின் சிடியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. ரீமாஸ்டர் என்று அட்டையில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். நீட் ஒலிப்பதிவைக் கழுவி வெள்ளையடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது, கழுவவும் கூடாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: 'வைப்ட் அவுட்' முதலில். பிடித்தால் முதல் ஆல்பம், 'ஆல் ஃபார் ஒன்', 'லைவ் அட் தி இன்ஃபெர்னோ'. 'தி பேக் இஸ் பேக்'கை யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள். சிம்பலைத் தலையால் அடித்துப் பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.