மொட்டைமாடி இருக்கிறதா?

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டேன். ஆராய்ச்சியை வைத்துச் சிறுதொழில் தொடங்கினால் தேறுமா?
- ஓர் ஆய்வாளர், காரைக்குடி

பதில்: தேறும். வீட்டில் மொட்டைமாடி இருக்கிறதா, அக்கம்பக்கத்தார் பொறுமைசாலிகளா என்று முதலில் பாருங்கள். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்திய பிரபுல்ல சந்திர ராய், மருந்துக்கான சோடியம் பாஸ்பேட் தயாரிக்க, கசாப்புக்கடை எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி மாடியில் காயப்போட்டார். மழை பிடித்துக்கொண்டது. ஒட்டியிருந்த சதை அழுகி நாறியது. காக்கைகளோ பக்கத்து வீடுகளுக்கு இலவச விநியோகமே நடத்தின! தெரு சண்டைக்கு வந்தது. பிறகு எலும்பை வேறிடத்தில் எரித்துச் சாம்பலாக்கி, கந்தக அமிலம் சேர்த்துக் காரியத்தை முடித்தார்.

1892-ல் சுமார் 700 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய அந்தத் தொழில், 1901-ல் பெங்கால் கெமிக்கல் என்ற லிமிடெட் கம்பெனி ஆனது. ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மெர்குரஸ் நைட்ரைட் என்ற சேர்மம். அதை அவர் பாட்டிலில் அடைத்து விற்கவில்லை. தொடக்கத்தில் விற்றதெல்லாம் அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த சாதாரண மருந்துச் சரக்கு. அதைக்கூடக் கடைக்காரர்கள் லேசில் வாங்கவில்லை. நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ் சக மருத்துவர்களிடம் எடுத்துச்சொல்லித்தான் நகர்ந்தது. கல்லூரிச் சம்பளத்தையும் ராய் விட்டுவிடவில்லை. (அவர் பிரம்மச்சாரி. நீங்கள் எப்படியோ!)

ஆகவே ஆய்வேட்டைக் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் எந்தச் சரக்கு வெளியூரிலிருந்து வருகிறது என்று நாளைக்கே விசாரித்துவிட்டு வாருங்கள்.