செகண்டரி ஜோன்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: டிஎன்எஸ் ஒரே சர்வரில் நன்றாகத்தான் ஓடுகிறது. செகண்டரி ஜோன் என்று இன்னொன்று எதற்கு?

பதில்: நன்றாக ஓடும் நாளுக்கு அது வேண்டாம். ஓடாத நாளில் உங்கள் வெப்சைட் உயிரோடு இருந்தும் அதன் முகவரியைச் சொல்ல ஆள் இருக்காது. மெயிலும் வந்து சேராது. ப்ரைமரியிடமிருந்து முழு ஜோனையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தானே அதிகாரத்தோடு பதில் சொல்வது செகண்டரி. ஒவ்வொரு ஜோனும் குறைந்தது இரண்டு சர்வர்களில் இருந்தாக வேண்டும் என்று 1987-இல் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1034-லேயே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ப்ரைமரி விழும்வரை செகண்டரி சும்மா இருக்குமா?

பதில்: ஒரு நாளும் இருக்காது. வெளியிலிருந்து கேட்பவருக்கு எது ப்ரைமரி, எது செகண்டரி என்று தெரியவே தெரியாது. என்எஸ் ரெக்கார்டில் பெயர் இருக்கும் எல்லோரிடமும் கேள்வி வரும். அதனால்தான் செகண்டரியில் பழைய தகவல் கிடந்தால் சிலருக்குப் புது முகவரியும் சிலருக்குப் பழைய முகவரியும் போகிறது.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் மவுஸைத் தொடாமல் எப்படிச் சேர்ப்பது?

பதில்: ஒரே வரி. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்டு பிராம்ப்டைத் திறந்து டிஎன்எஸ்சிஎம்டி என்று தட்டுங்கள். பிறகு இதே வரிசையில்: செகண்டரி சர்வரின் பெயர், ஸ்லாஷ் போட்டு ஜோன்ஆட், ஜோனின் பெயர், ஸ்லாஷ் போட்டு செகண்டரி, ப்ரைமரியின் ஐபி, ஸ்லாஷ் போட்டு ஃபைல், கடைசியாகக் கோப்பின் பெயர். கை தவறும் இடம் அந்த ஐபிதான். எங்கிருந்து நகல் எடுக்க வேண்டுமோ அந்த சர்வரின் ஐபி அங்கே வர வேண்டும். செகண்டரியின் சொந்த ஐபி அல்ல. பவர்ஷெல்லில் இதே வேலைக்கு ஆட்-டிஎன்எஸ்சர்வர்செகண்டரிஜோன் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அதையே கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் பைண்ட் வைத்திருக்கிறோம். அதில்?

பதில்: நேம்டி கான்ஃப் கோப்பில் ஜோனின் பெயரை எழுதி, அடைப்புக்குள் மூன்று வரி: டைப் செகண்டரி, ப்ரைமரீஸ் என்று ப்ரைமரியின் ஐபி, ஃபைல் என்று கோப்பின் பெயர். முடித்ததும் ஆர்என்டிசி ரீகான்ஃபிக். பழைய பதிப்பானால் ஸ்லேவ், மாஸ்டர்ஸ் என்று எழுத வேண்டும். ஃபைல் வரியை விட்டாலும் ஜோன் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் முழுதாக இழுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ப்ரைமரி படுத்துக் கிடந்தால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வரிக்குச் சோம்பல் படாதீர்கள்.

கேள்வி: மவுஸில் நாலு கிளிக்கில் முடிவதற்கு ஏன் இவ்வளவு தட்டச்சு?

பதில்: ஒரு ஜோனுக்குக் கிளிக் போதும். இருநூறு ஜோனுக்கு? பெயர்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு, லூப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். அதைவிடப் பெரிய லாபம், என்ன செய்தோம் என்பது எழுத்தில் நிற்கிறது. உங்களுக்குப் பின் வருபவர் அதைப் படித்து அப்படியே திரும்பச் செய்யலாம்; கிளிக் செய்ததை யாரும் படிக்க முடியாது.

கேள்வி: ஜோனைச் சேர்த்துவிட்டேன். ஆனால் லோட் ஆகவில்லை என்று சிவப்புக் குறி காட்டுகிறது. செகண்டரியை எத்தனை முறை அழித்துச் சேர்த்தாலும் அதே கதை.

பதில்: செகண்டரியை விடுங்கள், ப்ரைமரியில் போய்ப் பாருங்கள். நகல் தர அது சம்மதித்திருக்க வேண்டும். விண்டோஸில் டிஎன்எஸ்சிஎம்டியின் ஜோன்ரீசெட்செகண்டரீஸ், செக்யூர்லிஸ்ட் வழியாகச் செகண்டரியின் ஐபியைச் சேருங்கள். பைண்டில் அலௌ-டிரான்ஸ்ஃபர். அதுவும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஃபயர்வால். சாதாரணக் கேள்விகள் யுடிபியில் போகும். முழு ஜோனும் டிசிபியில்தான் வரும். இரண்டுக்கும் போர்ட் 53. யுடிபியை மட்டும் திறந்து வைத்தால், எஸ்ஓஏ ரெக்கார்டைக் கேட்டால் பதில் வரும், ஜோன் மட்டும் வராது. இந்த அறிகுறியைக் கண்டால் வேறெங்கும் தேடாதீர்கள்.

கேள்வி: யார் கேட்டாலும் நகல் கொடு என்று திறந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: உங்களுக்குத் தொல்லை இல்லை, உள்ளே நுழையப் பார்ப்பவருக்கும் இல்லை. விபிஎன், பேக்கப், டெஸ்ட் சர்வர் என்று உங்கள் நெட்வொர்க்கின் பெயர்ப் பட்டியல் முழுதும் ஒரே கமாண்டில் அவர் கைக்குப் போய்விடும். ஐபியைச் சொல்லி அனுமதியுங்கள். முடிந்தால், கேட்பது உங்கள் செகண்டரிதானா என்று சரிபார்க்கும் டிசிக் (TSIG) சாவியும் போடுங்கள்.

கேள்வி: ப்ரைமரியில் ரெக்கார்டை மாற்றினேன். செகண்டரி அசையவே இல்லை!

பதில்: சீரியலைப் பாருங்கள். எஸ்ஓஏவில் உள்ள அந்த எண் ஏறினால்தான் செகண்டரி நகல் எடுக்கும். கோப்பைக் கையால் திருத்துபவர்கள் மறப்பது இதைத்தான். அதைவிடச் சிக்கல், எண் தப்பாக எகிறிவிடுவது. 2025061001 என்று போட வேண்டிய இடத்தில் 2052061001 என்று விழுந்து, செகண்டரியும் அதை எடுத்துக்கொண்டால், திருத்திய சரியான எண் சின்னதாகத் தெரியும். செகண்டரி அதைத் திரும்பிப் பார்க்காது. செகண்டரி உங்கள் கையில் இருந்தால் பைண்டில் ஆர்என்டிசி ரீடிரான்ஸ்ஃபர் போதும். வேறொருவரிடம் இருந்தால், தப்பான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டி 4199544648 என்று வையுங்கள். எல்லாச் செகண்டரியும் அதை எடுத்த பிறகு சரியான எண்ணுக்கு வாருங்கள். சீரியல் 32 பிட் வட்டத்தில் சுற்றுவதால் அது இப்போது முன்னேற்றமாகவே தெரியும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை ப்ரைமரி படுத்தது. சனிக்கிழமை காலையில் எல்லாம் ஓடியது. ஞாயிறு பார்த்தால் செகண்டரியும் வாயை மூடிக்கொண்டது. ஏன்?

பதில்: எக்ஸ்பயர் நேரம் முடிந்துவிட்டது. ப்ரைமரியோடு இவ்வளவு நேரம் தொடர்பே இல்லையென்றால் நகலை நம்பாதே என்று எஸ்ஓஏவில் ஒரு கெடு இருக்கிறது. விண்டோஸ் தானாக வைக்கும் கெடு 86400 விநாடி, அதாவது ஒரே நாள். வார விடுமுறைக்கே தாங்காது. ஆர்எஃப்சி 1912 சொல்வது இரண்டு முதல் நான்கு வாரம். இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: செகண்டரியையும் அதே ரேக்கில் வைத்திருக்கிறோம். தப்பா?

பதில்: மாற்றுச் சாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதுதான் இது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டுக்கே நடந்தது. நான்கு டிஎன்எஸ் சர்வர்களும் நெட்வொர்க்கின் ஒரே பகுதியில் இருந்தன. ஒரு ரூட்டரின் கான்ஃபிகரேஷனில் தவறு நேர்ந்ததும் நான்கையும் எட்ட முடியாமல், ஏறக்குறைய ஒரு நாள் அவர்களின் தளங்கள் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. வேறு ஊர், வேறு மின்சாரம், வேறு இணைப்பு: 1997-இன் ஆர்எஃப்சி 2182 கேட்பதும் இதைத்தான்.

கேள்வி: ப்ரைமரி இனி எழவே எழாது என்றால்?

பதில்: செகண்டரிக்குப் பதவி உயர்வு கொடுங்கள். டிஎன்எஸ்சிஎம்டியில் ஜோன்ரீசெட்டைப், ப்ரைமரி, ஃபைல். எக்ஸ்பயர் ஆவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் அமைத்தாயிற்று. இனி நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இரண்டு வேலை பாக்கி. தினமும் காலையில் இரண்டு சர்வரிடமும் எஸ்ஓஏவைக் கேட்டு, சீரியல் வேறுபட்டால் மெயில் அனுப்பும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள். பிறகு, முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வேலை குறைந்த ஒரு நாளில் ப்ரைமரியின் டிஎன்எஸ் சர்வீஸை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வெளி நெட்வொர்க்கிலிருந்து செகண்டரியின் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு ஜோனையும் கேளுங்கள். பதில் வராத ஜோன் எது என்று அன்றைக்கே தெரிந்தால், திருத்த உங்களுக்கு நேரம் இருக்கும்.