பட்டறைக்கு ஓசிப் பையன் வேணுமா, மாப்ள?

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. ஆவாரம்பாளையத்துல பம்பு மோட்டார் பட்டறை வெச்சிருக்கறவரு இந்த வெயில்ல இத்தனை தூரம் வந்திருக்கீங்கன்னா சங்கதி இல்லாம இருக்காது. ஆளே சிக்கறதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களாமா. பத்தாவது பாஸ் பண்ண பையன் ஒருத்தன் வந்து, "வைண்டிங் கத்துக்கறேனுங்க, மாசம் என்ன தருவீங்க"ன்னு கேட்டானாமா. உங்களுக்குச் சுர்ருனு ஏறிருச்சாமா. "தொழிலும் கத்துக்குடுத்து, காசும் நான் குடுக்கோணுமா?"ன்னு முடுக்கி விட்டுட்டீங்களாமா. ரொம்பச் சரியுங்.

காசு மட்டும் குடுத்துராதீங்க. குடுத்தீங்கன்னா அவனைச் சும்மா நிக்க வைக்க உங்களுக்கே மனசு வராது. கணக்குப் போட்டுப் பாருங்க. 2019-ல திருத்துன விதிப்படி பத்தாவது முடிச்ச அப்ரண்டிசுக்கு மாசம் 6,000 ரூவாய்க்குக் குறையக் கூடாது. 26 நாளு, நாளைக்கு 8 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 29 ரூவாப் பக்கம் வருது. டீக்கடைக்குப் போயிட்டு வர 20 நிமிஷம். டீ காசு தனி. தூக்குல வாங்கியாந்த கூலி மட்டும் பத்து ரூவா! ரெண்டு நாளைக்கு அப்படிக் குடிச்சீங்கன்னா மூணாம் நாளு டீ தொண்டையில எறங்காது. "டீ கெடக்குது, இந்த ஸ்டேட்டரைப் புடிடா"ன்னு உங்க வாயாலயே சொல்லிப் போடுவீங்க. அப்புறம் அவன் தொழிலைக் கத்துக்குவான். எதுக்குங் வம்பு?

ஓசிப் பையன்னா அந்தத் தொல்லையே இல்லீங். லேத்துக்கு அடியில கெடக்கற இரும்புச் சுருளைக் கூட்டுவான், ஸ்பேனர் எடுத்துக் குடுப்பான், வீட்டுக்கு ரேஷன் அரிசி கூட வாங்கியாந்து போடுவான். ஒரு வருசம் போனா யாருக்குச் சக்கரை இல்லாம, யாருக்கு ஸ்ட்ராங்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

நேத்து உங்க பட்டறைப் பக்கம் வந்தேனுங். நீங்க இல்லை. உங்க வைண்டிங்காரரு ஸ்டேட்டரை மடியில வெச்சுட்டு, மூங்கில் குச்சியில கம்பியை ஒண்ணொண்ணாத் தள்ளிட்டு இருந்தாரு. ஒதடு மட்டும் முணுமுணுன்னு சுத்து எண்ணுது. நான் தெரியாத்தனமா "சௌக்கியமா"ன்னுட்டேன். எண்ணிக்கை போச்சு. ஒரு வார்த்தை திட்டாம அத்தனையும் உருவிப்போட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துருச்சு. ஸ்லாட்டை வெரல்ல தடவித்தான் பாக்கறாரு. போர்க்குழிக்குள்ள, தண்ணியிலயே கெடந்து ஓடற மோட்டாருங் அது. கம்பி மேல இருக்கற பிளாஸ்டிக் தோலு நகத்தளவு கீறுனாப் போதும், தண்ணி பூந்து மோட்டார் போச்சு. அப்புறம் குழாயை மேல தூக்கி மறுபடி எறக்கற செலவு எவனோ ஒரு விவசாயி தலையில. அந்தக் கீறல் விழாமத் தள்ளற பதத்தை அவரு பக்கத்துல உக்காந்து பாக்காம எந்தப் பொஸ்தகத்துலயும் படிச்சுக்க முடியாது. அவரு நின்னுட்டா என்ன பண்ணுவீங்கன்னு நான் கேக்கலீங். டீ வாங்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருப்பானல்ல!

சர்க்காரு வேற உங்களைக் கெடுக்கப் பாக்குது. 1961-லயே தொழிற்பழகுநர் சட்டம் போட்டாச்சு. 2016-ல கொண்டாந்த திட்டத்துல பதிஞ்சுக்கிட்டா உதவித்தொகையில கால் பங்கு, 1,500 ரூவா வரைக்கும், மத்திய சர்க்காரு ஏத்துக்குது. ஆக உங்க மடியில இருந்து போறது 4,500. பட்டறையில நாலு ஆளு இருந்தாலே விருப்பப்பட்டா அப்ரண்டிசு வெச்சுக்கலாம். 30 ஆச்சுன்னா வெச்சே ஆகோணும். அதனால 29-லயே நின்னுக்கங்க, பொழச்சுக்கலாம். பன்னண்டாவது முடிச்சு வந்தா 7,000 ஆகிப்போகுது, படிக்கற பசங்களைப் பத்தோட நிறுத்தச் சொல்லி நீங்களே நாலு பள்ளிக்கூடத்துல போய்ப் பேசுனா மாசம் 1,000 மிச்சம்.

ஒப்பந்தம்னு ஒரு காயிதம் வேற. பையன் மைனருங்கறதால அவன் அப்பனோ ஆயாவோ கையெழுத்துப் போடோணும். அனுமதி வாங்காம ஓவர்டைம் வைக்கக் கூடாது. 18 ஆகாதவனை ஆபத்தான வேலையில வுடக் கூடாது, உலைப்பக்கமே போகக் கூடாது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க: அவன் பயிற்சிக்கு வந்தவன், தொழிலாளி இல்லைன்னு அதே சட்டம் சொல்லுது. வெரல் போச்சுன்னா மட்டும் தொழிலாளிக்குக் குடுக்கற மாதிரியே நட்டஈடு குடுன்னு சொல்லுது. வாய்ப்பேச்சா வெச்சுக்கங்க, காயிதம் இருந்தாத்தானே கேள்வி வரும்? அவன் வெரல்தானே, உங்க வெரலா?

கல்லாவுக்கு மேல ஜி.டி. நாயுடு படத்தை மாட்டி, தெனம் பூ வைக்கறீங்க. அவரு சின்ன வயசுல கோயமுத்தூர் ஓட்டல்ல சம்பளத்துக்கு சர்வர் வேலை பார்த்து, சேத்த காசுல ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காப் பிரிச்சுப் பார்த்துத்தானுங் மெக்கானிக்கு ஆனாரு. அந்த ஓட்டல்காரன், "இலை போடக் கத்துக்குடுக்கறேன், காசு எதுக்கு"ன்னு சொல்லியிருந்தா நீங்க இப்ப யாரு படத்துக்குப் பூ வைப்பீங்க?

1953-ல ராஜாஜி கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு ஏற்பாடு பண்ணுனாரு. பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வின்னு நாடே கொந்தளிச்சுது. அடுத்த வருசம் காமராஜர் வந்து தூக்கிப் போட்டாரு. இப்ப வந்த பையன் அப்பன் தொழிலுக்குப் போகாம உங்க வாசல்ல வந்து நிக்கறான். அவங்கப்பன் சலூன் வெச்சிருக்காரு. உங்களுக்குச் சுர்ருனு ஏறுனது அவன் காசு கேட்டதுக்கா, இல்ல, அவன் வந்து கேட்டதுக்கான்னு எனக்கு ஒரு சம்சயம். நான் கெழவன், வாயில வந்ததை ஒளறறேன். மோரு குடிங்க.

கத்துக்கிட்டுப் பெரிய கம்பெனிக்கு ஓடிருவான்னு பயப்படறீங்க. நெசந்தானுங். ஒண்ணுமே தெரியாதவனை எந்தக் கம்பெனி கூப்பிடும்? ஆயுசுக்கும் உங்ககிட்டயே கெடப்பான். அப்படிப்பட்டவன்தான் வேணும்னா ஊருல நெறையப் பேரு இருக்கறாங்க, நானே நாலு பேரைப் புடிச்சுத் தாறேன்.

ஆனா அந்தப் பையன் இனி வரமாட்டானுங். திங்கக்கிழமை அவங்கப்பன் சலூனைப் பூட்டிட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப் போறாராமா. எந்தப் பட்டறைன்னு கேக்காதீங்க. உங்க கடை வாசல்ல நின்னு பார்த்தாலே தெரியும், எதுத்தாப்புல பச்சை ஷட்டர்.