அஞ்சு நிமிஷ வீரம்

இன்னா கண்ணு, லூப் ரோட்ல நின்னுகினு பைக்க இப்பிடி உறும வெக்கிற? கடல் பயந்து பின்னால போவுமா? ஸ்போர்ட்ஸ் மோடுன்னு ஒரு பட்டன் கீதாம், அத்த அழுத்தினா வண்டி பேயா பறக்குமாம். பறந்து எங்க போவ? சாந்தோம் சிக்னலுக்கா? அங்க முன்னால தண்ணி லாரி நிக்கும். குந்து. உன் மீனை ஆயா வெட்டி முடியற வரைக்கும் ஒரு சங்கதி சொல்றேன்.

நெசமாவே பறந்த வண்டிங்க கதை இது. ரெண்டாம் உலக யுத்தம். மெட்ராஸ் மாகாணத்து ஜனங்ககிட்ட யுத்த நிதின்னு வசூல் பண்ணாங்க. அதுக்கு மரியாதையா வெள்ளக்காரன் தன் விமானப்படையில 79, 234, 264ன்னு மூணு ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னு பேர் வெச்சான். காசு நம்முது, பேரு நம்முது, பிளேன் மட்டும் இங்கிலாந்துல! 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டான். இங்க மெட்ராஸ்ல ஜனம் கூட்டங்கூட்டமா மூட்ட கட்டிச்சி. "நம்ம பேர் வெச்ச பிளேன் எங்கடா?"ன்னு கேட்டா யார் பதில் சொல்றது? 79 இந்தியாவுக்கு வந்து சேந்ததே அதுக்கப்புறம்தான்.

சரி, பட்டன் கதைக்கு வரேன். 1940ல அந்த 79 ஓட்டினது ஹரிக்கேன். உள்ள மெர்லின் இஞ்சின். காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ற சூப்பர்சார்ஜர் அதுல உண்டு. காத்து ஜாஸ்தி போனா பெட்ரோல் ஜாஸ்தி எரியும், வேகம் வரும். ஆனா அளவு மீறினா? பொறி பத்த வெச்ச நெருப்பு போய்ச் சேர்றதுக்குள்ளயே மிச்ச பெட்ரோலு தானா வெடிச்சி பிஸ்டனையே பேத்துடும். அதனால சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டுக்கு மேல அழுத்தம் ஏறாம ஒரு கட்டுப்பாடு வெச்சிருந்தான். எதிரி பின்னால வந்துட்டா? அதுக்குன்னு ஒரு சிவப்புப் பிடி. இழுத்தா கட்டுப்பாடு அவுந்துடும், அழுத்தம் 12 பவுண்டு. 1,030 குதிரை சக்தி 1,310க்குத் தாவும். நூறு ஆக்டேன் பெட்ரோல் வந்ததுனாலதான் இஞ்சின் அத்தத் தாங்கிச்சி.

எவ்ளோ நேரம்? அஞ்சே நிமிஷம். உசுரு போற அஞ்சு நிமிஷம்.

நம்ம ஃபைபர் போட்டையே பாரு. அலை உடையிற எடத்தத் தாண்டத்தான் முழுசா முறுக்குவோம். தாண்டினதும் கை தானா தளரும். அதே முறுக்குல நடுக்கடல் வரைக்கும் போனவன் திரும்பறப்போ எவன் போட்டுலயாவது கயிறு கட்டிகினுதான் வருவான். இத்தச் சொல்ல இன்ஜினீரிங் படிக்கணுமா?

அப்பறமா 1944ல அதே 79 தண்டர்போல்ட்டுக்கு மாறி பர்மா மேல பறந்திச்சி. அமெரிக்கா வண்டி, பானை வயிறு, 18 சிலிண்டர். அந்த இஞ்சினுக்கு வேற வித்தை. அவசரத்துல தண்ணியும் ஆல்கஹாலும் கலந்து உள்ள பீச்சும். சிரிக்காத, நீ நெனக்கிற கலவை இல்ல இது. அந்தத் தண்ணி சூட்டைத் தணிக்கும். சூடு தணிஞ்சா இன்னும் அழுத்தலாம். 2,000 குதிரை 2,300 ஆவும். டாங்கியில கலவை தீந்துச்சா, ஷோக்கும் தீந்துச்சி. மறுபடி சாதா வண்டிதான்.

இன்னொரு அமெரிக்காக்காரன், மஸ்டாங். அதுல எனக்குப் புடிச்சதே வேற. ஆக்சிலேட்டர் போற வழியில மெல்லிசா ஒரு கம்பி கட்டி வெச்சிருப்பான். அவசரம்னா பைலட்டு அத்த அறுத்துகினு தள்ளணும். தரையில எறங்கினா மெக்கானிக்கு மொதல்ல கம்பியத்தான் பாப்பான். அறுந்துகீதா? "இன்னாபா நடந்துச்சி?" பொய் சொல்ல முடியுமா? இஞ்சினப் பிரிச்சிப் பாக்கறவன் அவனாச்சே. உன் பைக்குல அப்பிடி ஒரு கம்பி கீதா? இருந்தா சர்வீசுக்கு உடறப்போ உன் மூஞ்சி எப்பிடி இருக்கும்? போனத் தொறந்தா 'அர்ஜென்ட்', ஆபீசுல 'அர்ஜென்ட்', பிரியாணி வர்றதும் அர்ஜென்ட். எல்லாக் கம்பியையும் காலையிலயே அறுத்துட்டு, நைட்ல 'டயர்டா கீது தாத்தா'ன்றியே, எந்த ஜெர்மன்காரன் உன்னத் தொரத்தினான்?

அந்தக் காலத்துப் பசங்க மட்டும் யோக்கியம்னு நெனக்காத. இங்கிலாந்துல சண்டை விமானப் படைக்குத் தலைவரு ஹியூ டவுடிங்னு ஒரு பெருசு. சண்டை உச்சத்துக்கு வந்துகினு இருந்த நேரம், 1940 ஆகஸ்டு 1ந்தேதி, உக்காந்து ஒரு கடுதாசி எழுதினாரு. அவசரப் பிடிய சில பைலட்டுங்க கண்டமேனிக்கு இழுக்கறாங்க, இஞ்சின் கெட்டா மாட்டிக்கப் போறவங்க அவங்கதான்னு. யோசி. தலைக்கு மேல ஜெர்மன்காரன், அந்த மனுசன் இஞ்சின் பேரிங்குக்குக் கவலப்படறாரு! பசங்க சும்மா வுடுவாங்களா? 'ஸ்டஃபி'ன்னு அவருக்கு ஏற்கெனவே பட்டப்பேரு. உம்மணாமூஞ்சின்னு வெச்சிக்கயேன். சண்டைய ஜெயிச்சிக் குடுத்தாரு. அதே வருஷம் நவம்பர்ல பதவிய வுட்டு அனுப்பிட்டானுங்க.

மீன் ரெடியாயிடுச்சி, காச எடு. ஆமா, உன் ஃபிரண்டுங்க குரூப்புல எனக்கு இன்னா பேரு வெச்சிகினு கீற?